ஏலக்காரத் தெருவின் அகலம்

எதிரே உப்புக்கிடங்கை இடித்த இடத்தில் அந்தக் கட்டடம் மாடி மாடியாக மேலே ஏற ஏற, அதற்கு முன்னால் கிடந்த எங்கள் ஏலக்காரத் தெருவும் அதே கணக்கில் அகலமாகிக்கொண்டே போனது. முதல் மாடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் போய் வெற்றிலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்புகிறவர், வழக்கமாகத் தன் வீட்டுப் படிக்கு வந்து துப்புவார். இப்போது நடுத்தெருவிலேயே துப்ப வேண்டியிருந்தது. ஐந்தாவது மாடியில், "சில்லறை இருக்கா?" என்று இங்கிருந்து கேட்டால் அங்கே இருக்கிறவர் காதில் கையைக் குவித்தார். பத்தாவது மாடியில் தெருவைத் தாண்டுகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டார்கள், இருபதாவது மாடியில் புளிச்சாதம் கட்டிக்கொண்டார்கள், உச்சி மாடிக்குச் சாரம் கட்டிய மாதத்தில், விடியற்காலம் கிழக்கு ஓரத்தில் இறங்கி நடந்தவர் மேற்கு ஓரத்தில் ஏறும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் ஒன்று அத்தனை உயரமாக எழும்பினால் இன்னொரு பக்கம் ஏதாவது நீளத்தானே வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கடவுளையே கேள்வி கேட்காதவர்கள் நாங்கள், கான்கிரீட்டையா கேட்கப்போகிறோம்.

கட்டடத்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தார்கள். நாங்கள் அதை 'உசரம்' என்றே சொன்னோம். காலையில் அதன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலோடு சேர்த்து எங்களுக்கு இரண்டு சூரியன். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் மெல்லத் தெருவை நிரப்பிக்கொண்டு வந்து, நாங்கள் காயப்போட்ட துணி காயுமுன்பே எங்கள் வாசலை மூடிவிடும். அதன் காலடியில் எப்போதும் ஒரு காற்று சுற்றிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. புடவைத் தலைப்பையும் குடையையும் பிடுங்கும், காது நிறைய மண்ணை அள்ளிப் போடும்.

கார்ப்பரேஷனிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். ஒருவர் கிழக்கு ஓரத்தில் முனையைப் பிடித்துக்கொண்டு குந்தினார், மற்றவர் டேப்பை உருவிக்கொண்டே மேற்கு நோக்கி நடந்தார். குந்தியிருந்தவர் எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்டார், மத்தியானம் சாப்பிட்டார், ஒரு தூக்கமும் தூங்கினார். சாயங்காலம் டேப் இறுகியது. பார்த்தால் நாற்பது அடி. காலம் காலமாக இருக்கிற அதே நாற்பது அடி. "தெரு சரியாத்தாம்மா கீது, உங்களுக்குத்தான் நடக்க ஒடம்பு வணங்கல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வந்து சேர்ந்த கூட்டாளியையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டாளியின் செருப்பு தேய்ந்திருந்தது, ஆனால் அவரும் நாற்பது அடி என்றுதான் சொன்னார்.

வண்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. வடக்கே நுழைந்து தெற்கே போகிறவைதானே அவை. குறுக்கே என்ன ஆனால் அவற்றுக்கு என்ன. முன்பு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்த அதே வண்டிகள் இப்போது மேய விட்ட மாடுகள் மாதிரிப் பரவி ஓடின. ஆட்டோக்காரர் ஒருவர் சவாலுக்கு ஹாண்டிலை ஒடித்துக் குறுக்கே விட்டுப் பார்த்தார். பாதியில் கேஸ் தீர்ந்து, மறுநாள் தள்ளிக்கொண்டு வந்தார். உசரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களோ காரோடு பூமிக்குள் இறங்கி, லிஃப்டோடு வானத்தில் ஏறிவிடுகிறவர்கள். அவர்கள் மேலேயிருந்து பார்த்தால் எங்கள் தெரு ஒரு ரிப்பன் அகலம்தான் தெரியுமாம்.

நாங்கள் பழகிக்கொண்டோம். மனிதன் பழகாதது எது? தெருவோரத்தைக் 'கரை' என்று சொல்லத் தொடங்கினோம்: இந்தக் கரை, அந்தக் கரை. தனியாகத் தாண்டினால் சலிப்பாக இருக்கிறது என்று கூட்டமாகக் கிளம்பினோம். கிளம்புகிறவர்களின் நெற்றியில் வீட்டுப் பெண்கள் விபூதி இட்டார்கள். பாய் வீட்டுப் பெண்கள் ஓதி ஊதினார்கள். அந்தக் கரையில் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்திவிட்டோம், ஏற்கெனவே கொடுத்தவர்கள் ஆடிக்கு அழைக்க ஆனியிலேயே ஆள் அனுப்பினார்கள். இந்தக் கரைப் பள்ளிவாசலின் பாங்கு அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே தொழுகையே முடிந்திருக்கும் என்று கேலி பேசினோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே, அது பொய்யில்லை. வாசலிலிருந்து பார்த்தால் அந்தக் கரையில் என்ன பெரிதாக இருந்தது? ஒரு டீக்கடை, ஒரு வெற்றிலைக் கடை, ஒரு சாவிக்கடை, நாலு பழவண்டி. கிட்டத்தில் இருந்த காலத்தில் நாங்கள் நிமிர்ந்தும் பார்க்காதவை. தூரமாய்ப் போன பிறகு, சாயங்காலங்களில் வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவள் சம்பூர்ணம்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, சுவரை ஒட்டித் தையல் மிஷினைப் போட்டு, பைக்கும் பெட்டிக்கும் ஜிப் மாற்றித் தருகிறவள் சம்பூர்ணம். நேர் எதிரே, அந்தக் கரை நடைபாதையில், தோளில் சாவிக்கொத்தைப் பூணூல் மாதிரிப் போட்டுக்கொண்டு பூட்டுக்குச் சாவி ராவித் தருகிறவர் ஏகாம்பரம். இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. கல்யாணமான புதிதில் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்த பழக்கம், கை தாராளமான பிறகும் விடவில்லை. அந்தக் கரையில் சுலைமான் பாய் கடையில் ஏகாம்பரம் இரண்டு விரலைக் காட்டுவார். ஒன் பை டூ. பாதியை அவர் வைத்துக்கொள்வார், மீதிப் பாதியைக் கம்பிக் கூடையில் மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டுவான் லாரன்ஸ். லாரன்ஸுக்கு ஐம்பது வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு, பாயிடம் டீ எடுத்துப் போவதே பிழைப்பு. அவன் கொண்டுவந்த கிளாஸைச் சம்பூர்ணம் கையில் எடுத்து இப்படி உயர்த்துவாள். எதிரே ஏகாம்பரமும் உயர்த்துவார். அவள் வாயில் வைப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் வைப்பார். தெருவுக்கு நடுவே பஸ் வந்து மறைத்தால், பஸ் போகிறவரை கிளாஸ் அவர் கையில் அந்தரத்தில் நிற்கும். நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

பிறகு உப்புக்கிடங்கு இடிபடுவதற்கு முந்திய வருஷம் சம்பூர்ணத்தின் தம்பி தயாளன் செத்துப்போனான். ஒரே தம்பி, அவள் வளர்த்தவன். மச்சான் கையால் போட வேண்டிய கோடித்துணியோடு ஏகாம்பரம் வருவார் வருவார் என்று பாடையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள். வரவில்லை. எடுத்துவிட்டார்கள். ஏகாம்பரம் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எவர் வீட்டுப் பூட்டையோ திறக்கப் போயிருந்தாராம்.

"என் தம்பி போற நேரத்துல உனக்கு ஊரான் ஊட்டுப் பூட்டு பெருசா பூட்ச்சாய்யா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் சம்பூர்ணம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள், அழுது தீர்த்திருப்பாள். அவர் சொல்லாமல் நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்றாள். அவர் கடைப்பெட்டியின் மேலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் மறுநாள் பதினொரு மணிக்கு லாரன்ஸ் பாதி டீயோடு வந்து நின்றான்.

"எத்துக்கினு போடா" என்றாள்.

"டீயி எனக்கு வோணாக்கா, நீ குடி இல்ல கொட்டு. க்ளாஸு வோணும், பாய் கேப்பாரு."

கிளாஸ் திரும்பிப் போக வேண்டுமே என்பதற்காகக் குடித்தாள். அப்படித்தான் எங்களிடம் சொன்னாள். அன்றும் எதிரே ஒரு கை உயர்ந்திருந்தது. இவள் உயர்த்தவில்லை, ஆனால் வாயில் வைத்தாள், அவர் பார்த்தார், அவரும் வைத்தார். பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, டீ மட்டும் நாள் தவறாமல் வந்தது. நாங்கள் சமாதானம் பேசப் போனால், "நாலு எட்டு வச்சா இந்தாண்ட. வரணும்னு இருந்தா வரமாட்டாரா?" என்பாள். அவரிடம் போனால், "நாலு எட்டுதானே, அதுக்கு என்னா, எப்ப வோணா போலாம்" என்பார். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு மனிதர்கள் போவதே இல்லை. காலுக்கடியில் தூரம் இல்லாதவரை வீம்புக்கு எத்தனை வசதி.

அப்புறம்தான் உசரம் எழும்பியது.

டீ முதலில் ஆறி வந்தது. பிறகு ஆடை படிந்து வந்தது. பிறகு காற்று தூவிய மண்ணோடு வந்தது. ஒரு மழைக்காலத்தில் பாய் கிளாஸில் ஊற்றிய டீயைவிட வந்து சேர்ந்த டீ அதிகமாக இருந்தது. சம்பூர்ணம் முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாவற்றையும் குடித்தாள். "அவுரு மட்டும் அங்க சுடச்சுடக் குடிச்சிட்டு எனக்கு ஆறுனத அனுப்புறாரு பாரு" என்று லாரன்ஸிடம் குறைபட்டாள். லாரன்ஸுக்கு அதற்குள் மவுசு கூடிவிட்டிருந்தது. தெருவைத் தாண்டும் வழி அவனுக்குத்தான் அத்துப்படி. எந்த இடத்தில் வெயில் அடிக்கும், எங்கே காற்று திரும்பும் என்று அறிந்து, கம்பிக் கூடையை முன்னால் பிடித்தபடி கூட்டத்தை நடத்திக்கொண்டு போனான். ஒரு நாள் இந்தக் கரைக்கு, மறுநாள் அந்தக் கரைக்கு. அத்தனை மூட்டைமுடிச்சுக்கு நடுவிலும் அந்தப் பாதி டீ தளும்பாமல் வந்தது.

ஆனால் கை உயர்வது தெரியவில்லை. முன்பெல்லாம் ஏகாம்பரத்துக்குச் சளி பிடித்தால் இங்கிருந்தே அவளுக்குத் தெரியும், துண்டைக் காதைச் சுற்றிக் கட்டியிருப்பார். இவள் நெற்றியில் பற்றுப் போட்டிருந்தால் அங்கிருந்து அவருக்குத் தெரியும், டீயில் இஞ்சி மணக்கும். முதலில் முகம் மங்கியது. பிறகு சட்டையின் நிறம் போனது. பிறகு அவர் ஒரு புள்ளி, அசைந்தால் அவர் என்று தெரியும், அசையாவிட்டால் பெட்டியா ஆளா என்று தெரியாது. பிறகு அதுவும் இல்லை. உசரம் மட்டும் கண் முழுக்கத் தெரிந்தது. அத்தனை பெரிய கட்டடம் தெரிகிறது, அதன் காலடியில் குந்தியிருக்கிற ஒரு ஆள் தெரியவில்லையே என்று அவள் ஜிப்பை ஓட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். பைகளில் ஜிப் கோணலாக விழுந்தது. பதினொரு மணிக்கு, டீ வந்தாலும் வராவிட்டாலும், கை தானாக மிஷினை விட்டு எழுந்தது. ஒரு நாள் நாங்கள் பார்த்தோம், வெறும் கையை, கிளாஸ் பிடிக்கிற மாதிரி, இவ்வளவு வருஷம் உயர்த்தாத கையை, அந்தப் பக்கம் பார்த்து உயர்த்தினாள். யார் பார்க்கப்போகிறார்கள் அந்தக் கரையில்? நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

உசரத்துக்குத் திறப்பு விழா என்று பேச்சு வந்தது. அந்தக் கரை நடைபாதையில் கருங்கல் பாவி, உட்காரமுடியாதபடி கம்பி முனை வைத்த பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். தொட்டி வைத்தது போக மிச்சம் இருந்த இடத்தில்தான் கடைகள் ஒண்டிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் லாரன்ஸ் கூட்டத்தோடு வந்து சேர்ந்தான். எப்போதும் போலக் கிளாஸை நீட்டினான். ஆனால் போகாமல் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"இதான்க்கா கடேசி டீ" என்றான். "பாய் அடுப்ப அணைச்சிட்டாரு. நாளைக்கு வெடிகாலைல அல்லாத்தையும் எத்திடுவாங்களாம். பாய் மச்சான் ஊட்டுக்குப் போறாரு, பழவண்டிங்கல்லாம் நேத்தே பூட்ச்சு."

"அவுரு?"

"பொட்டி மேல குந்திக்கினு கீறாரு."

"எங்க போவாராம்?"

"கேட்டேன், சொல்லல."

சம்பூர்ணம் கிளாஸையே பார்த்தாள். "கல்லு மாதிரி குந்தினு, சுடச்சுட டீயக் குடிச்சிக்கினு..."

லாரன்ஸ் அவளை வெறித்துப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவாகக் கோபம் வராது, அன்று வந்தது.

"யாருக்கா சுடச்சுடக் குடிச்சாங்க? நீ குடிச்ச க்ளாஸு திரும்பி வந்தாத்தான் அவரு வாயில வெப்பாரு. மொதல்ல நீ குடிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அப்பால தெரியல. நான் காலி க்ளாஸ எத்துக்கினு போய்க் காமிச்சாத்தான் தன் பாதிய எடுப்பாரு. ரெண்டு நாளு ஆனாலும் மூடி வச்சிக்கினு குந்தியிருப்பாரு. புளிச்சிப் போச்சு நைனா, கொட்டுன்னா, 'அவ குடிச்சாளா'ம்பாரு. இத்தினி நாளா அதத்தான் குடிக்கிறாரு அந்த மன்சன்."

சம்பூர்ணம் கையிலிருந்த டீயைக் குடித்தாள். ஒரே மூச்சில் குடித்து, கிளாஸைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். எங்களிடம் வந்து, "நாளைக்கு வெடிகாலைல ஒரு டீ போட்டு ஃபிளாஸ்க்குல ஊத்திக் குடுங்க" என்றாள். "ஒண்ணு போதும்."

"கூட்டத்தோட போக்கா, நான் இட்டுக்கினு போறேன்" என்றான் லாரன்ஸ்.

"என் புருஷனப் பாக்க எனக்கு ஊர்கோலம் வோணாம்" என்றாள்.

எங்கள் அடுப்பில்தான் அந்த டீ கொதித்தது. ஏலக்காய் கொஞ்சம் அதிகமாகவே தட்டிப் போட்டோம். இரண்டு சூரியனும் உதிக்குமுன் அவள் நடைபாதையை விட்டு இறங்கினாள். ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் கழுவிய கிளாஸ், புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். முதல் அடி வைத்ததும் திரும்பி எங்களைப் பார்த்தாள். அதோடு திரும்பவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்துவிட்டு, வாசல் தெளிக்கப் போனோம். வீட்டு வேலைகள் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் லாரன்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூட்டத்தை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே, ஒரு கூப்பிடு தூரம் விட்டு நடந்தானாம்.

வெயில் ஏற ஏற முன்னாலிருந்து ஒரு சூரியனும் பின்னாலிருந்து ஒரு சூரியனும் அவளை வாட்டின. வண்டிகள் எங்கோ தொலைவிலிருந்து புறப்பட்டு, எங்கோ தொலைவுக்குப் போயின. நின்று யோசிப்பதற்கு நேரம் இருந்தது. நடுத்தெருவுக்குக் கொஞ்சம் முன்னால், உசரத்தில் வேலைக்கு நேர்காணல் என்று டை கட்டிக்கொண்டு கிளம்பி, போய்ச் சேருவதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டதென்று கேள்விப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். இன்னும் டை கட்டியிருந்தார். "இன்னும் பாதிதாம்மா" என்று ஒரு துண்டைக் கீறி உப்புப் போட்டுக் கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டே நடந்தாள். காற்று எதிரே வந்து தள்ளியது. தலைப்பைப் பிடுங்கியது, கண்ணில் மண் போட்டது. சம்பூர்ணம் கிளாஸை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நிழல் எந்தப் பக்கமும் விழாத உச்சிப்பொழுதில், கானல் ஆடிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு புள்ளி அசைந்தது. அசைந்ததால் ஆள் என்று தெரிந்தது. பிறகு அதற்குச் சட்டை வந்தது. பிறகு தோளில் குறுக்கே சாவிக்கொத்து வந்தது. அது வெயிலில் மின்னியது. பிறகு முகம் வந்தது, வெளுத்த தாடியோடு, அவள் நினைவில் இருந்ததைவிட வயதான முகம்.

ஏகாம்பரம் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். வலது கையில் கிளாஸ் இருந்தது. அதன் வாயை இடது உள்ளங்கையால் மூடியிருந்தார். காற்று இரண்டு கையையும் பிடித்துத் தள்ளியும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருவரும் நின்றார்கள். அத்தனை வருஷம் பேசாதவர்கள் என்ன பேசுவார்கள் என்று லாரன்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றானாம்.

"குடிச்சியா?" என்றார் ஏகாம்பரம்.

அவள் வெறும் கிளாஸை உயர்த்திக் காட்டினாள். "குடிச்சேன்."

அவர் உள்ளங்கையை எடுத்தார். புளித்து ஆடை கட்டிய முந்தின நாள் டீ. "அதக் கொட்டுய்யா, அதக் கொட்டு, நான் சூடா கொணாந்திருக்கேன்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அதை வாயில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார். குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். சம்பூர்ணம் அந்த நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். தம்பிக்கு அழாத அழுகையும் அதில் இருந்தது என்றான் லாரன்ஸ்.

அவரும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி..." என்று ஆரம்பித்தார். "ஒரு கொயந்த உள்ள தாப்பா போட்டுக்கிச்சி சம்பூர்ணம். அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துது. தொறந்துட்டு வந்துடலாம்னு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூணாம் மாசமே அந்தக் கொயந்தயோட ஆயி ஜிப்பு மாத்த வந்தா. சொன்னா."

"அப்பவே வந்திருக்கலாமே?"

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நாலு எட்டுதானேன்னு இருந்துட்டேன்."

"நானுந்தான்" என்றாள் சம்பூர்ணம். "எவ்ளோ தூரம் ஆயிடுச்சி பாருய்யா."

ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றினாள். அளவு பார்த்து, அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் என்று சரி செய்தாள். ஆவி பறந்தது. இருவரும் உயர்த்தினார்கள். அவள் வாயில் வைத்தாள், அவர் வைத்தார்.

அவர் கால் அதற்கு மேல் நடக்க இடம் கொடுக்கவில்லை. இந்தக் கரைக்குப் பாதி, அந்தக் கரைக்குப் பாதி. அந்தக் கரையில் அவருக்குப் போக இடமும் இல்லை. "அப்ப இங்கியே இருப்போம்" என்றாள் சம்பூர்ணம். அடுத்த தடவை வந்தபோது லாரன்ஸ் அவளுடைய மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அதற்கடுத்து ஒரு ஸ்டவ், ஒரு கோணி, எங்கள் பழைய குடை. அத்தனை தூரம் மூட்டை சுமந்து வருகிறவர்களின் பையில் ஜிப் பிய்ந்துபோவது சகஜம்; வீட்டுச் சாவியை நடுவழியில் தொலைப்பதும் சகஜம். பிழைப்பு நடந்தது. டை கட்டியவர் பக்கத்திலேயே வெள்ளரிக்கூடையை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

திறப்பு விழா அன்று உசரத்தின் உச்சி மாடியில் வாழைமரம் கட்டி, பெரிய மனிதர்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தார்கள். ரிப்பன் அகலத் தெருவின் நட்டநடுவில், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக, ஒரு குடையும் ஸ்டவ்வும் இரண்டு கிழடுகளும் தெரிந்தன. அங்கிருந்து ஃபோன் போனது. அவர்களை அப்புறப்படுத்த, அந்தக் கரையிலிருந்து ஒரு போலீஸ் ஏட்டு லத்தியோடு தெருவில் இறங்கினார். நாற்பது அடித் தெருவில் பாதி, இருபது அடி.

அவர் இன்னும் போய்ச் சேரவில்லை. திறந்த பிறகும் உச்சியில் கம்பம், விளக்கு, விளம்பரத் தட்டி என்று எதையாவது ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தெருவும் ஏட்டின் நடையைவிட ஒரு நடை முன்னாலேயே அகலமாகிக்கொண்டிருக்கிறது. இப்போது லாரன்ஸ் இந்தக் கரைக்கு வருவதே எப்போதாவதுதான். வந்தால் எங்கள் ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தனுப்புகிறோம். சாயங்காலம் வாசலில் நின்று பார்க்கிறோம், ஒன்றும் தெரிவதில்லை, இருந்தாலும் நிற்கிறோம். எங்களுக்கும் அந்தக் கரையில் ஒரு நாத்தனார், ஒரு பழைய சிநேகிதி, கோபித்துக்கொண்டு போன ஒரு மகன் இருக்கிறார்கள். நாளைக்குக் கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன தடவை வந்தபோது லாரன்ஸ் சொன்னான். ஏட்டு இப்போது அவர்கள் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிகிறாராம், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு வருகிறாராம்.

"வெயில்ல வர்றாரு பாவம், அவருக்கும் ஒரு வாய் ஊத்து" என்றாராம் ஏகாம்பரம்.

அன்றிலிருந்து சம்பூர்ணம் ஒரு டீயை மூன்றாக ஊற்றுகிறாள். மூன்றாவது கிளாஸை ஏகாம்பரம் உள்ளங்கையால் மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.